காயம் அளவுகோல் ஆகுமா?

அடிக்கடி காயமுறும் கால்பந்து வீரரை உலகத்தரம் வாய்ந்தவராகக் கொள்ளலாகாது என்போர் உண்டு. களத்தில் இல்லாதவரால் அணிக்கு என்ன பயன் என்பது அவர்தம் வாதம். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆயினும், பிரேசில் வீரர் ரொனால்டோவின் வரலாறு நம்மைச் சற்றே சிந்திக்க வைக்கிறது.

1999 நவம்பரில், இத்தாலியின் இன்டர் மிலான் அணிக்காக ஆடுகையில், அவரது வலது முழங்காலின் தசைநாண் கிழிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின், 2000 ஏப்ரலில் களம் திரும்பினார். சில நிமிடங்களிலேயே, எவரும் மோதாத நிலையில், அதே தசைநாண் முற்றிலும் அறுந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவரால் ஆட இயலவில்லை. ஆனால், 2002 உலகக் கோப்பையில் 8 கோல்கள் அடித்தார். இறுதியாட்டத்தில் ஜெர்மனியை வீழ்த்திய இரு கோல்களும் அவருடையவையே.

எல்லோருக்கும் இவ்வாறு வாய்ப்பதில்லை. நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டனின் கணுக்கால் பல அறுவை சிகிச்சைகளுக்குப் பின்னும் தேறவில்லை. 1993இல், தமது 28ஆம் வயதில் ஆடியதே அவரது கடைசிப் போட்டி. ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதை மும்முறை வென்ற அவரைத் தரம் குறைந்தவர் என்பார் யார்?

படுக்கையில் கழிந்த நாள்களை எண்ணி ஒருவரின் தகுதியை அளப்பது முறையன்று. "இன்னுமா குணமாகவில்லை?" என்ற வினாவால் மனம் வாடும் அன்பர்களும், அவர்களைப் பேணும் குடும்பத்தாரும் இதனை நினைவிற்கொள்க. உடல் தேறுவதற்குரிய காலத்தை அதற்கு அளிப்போம், அவசரம் வேண்டா.