அலைகள் போடும் தாளம்

கச்சேரியில் இரண்டு ரஸிகர்கள் ஆதி தாளம் போடுகிறார்கள். காலப்பிரமாணம் ஒன்றே. ஆயினும் ஒருவர் ஸமத்தில் தட்டும்போது மற்றவர் மூன்றாவது அக்ஷரத்தில் இருக்கிறார். இருவருக்கும் இடையே இரண்டு அக்ஷரம் வித்தியாசம் என்று நாம் உடனே சொல்லி விடலாம். ரேடியோ அலைகளுக்குள்ளும் இத்தகைய வித்தியாசம் உண்டு. விஞ்ஞானிகள் அதைக் 'கட்ட வேற்றுமை' என்பார்கள். அதை அளக்கும் வால்வுக் கருவி ஒன்று யுத்தத்தில் செய்த சேவையை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1944-ம் வருஷம் ஜூன் 5-ந் தேதி இரவு. நேச நாட்டுப் படைகள் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்து நார்மண்டிக் கரைக்குச் செல்ல வேண்டும். கடலிலோ ஜெர்மானியர் வைத்த கண்ணிவெடிகள்! அவற்றை அகற்றி வழி செய்ய முன்னே சென்ற சிறு கப்பல்கள் இருளில் சிறிது வழி தவறினாலும், பின்னே வரும் ஆயிரக் கணக்கான உயிர்களுக்கு ஆபத்து. அக்கப்பல்களுக்கு வழிகாட்டியது டெக்கா கருவி. கிராமபோன் தட்டு வெளியிட்ட அதே டெக்கா கம்பெனிதான். யோசனை வில்லியம் ஓப்ரியன் என்ற அமெரிக்கருடையது.

கரையில் ஒரு தலைமை நிலையம். தூரத்தில் துணை நிலையங்கள். தலைமை அலை 6 முறை அதிரும் நேரத்தில் 'சிவப்பு' நிலையத்தின் அலை 8 முறை அதிரும். கப்பலிலுள்ள வால்வுகள் நலிந்து வரும் அலைகளை வலுப்படுத்தி, முன்னதை நான்கு மடங்காகவும் பின்னதை மூன்று மடங்காகவும் பெருக்கும். இரண்டும் 24 ஆகி ஒரே காலப்பிரமாணத்துக்கு வந்து விடுகின்றன. பிறகு வேறு வால்வுகள் அவற்றை ஒப்பிட்டு, வேற்றுமைக்குத் தக்கபடி, செங்குத்தாக அமைந்த இரண்டு கம்பிச் சுருள்களுக்கு மின்சாரம் அனுப்பும். நடுவிலுள்ள காந்தம் திரும்ப, முள் நகரும். ஒரு முள் கப்பல் எந்த வளைகோட்டின் மேல் உள்ளது என்று கூறும்; மற்றொரு நிலையத்தின் முள் இன்னொரு வளைகோட்டைக் கூறும். இரண்டும் வெட்டுமிடமே கப்பல் இருக்குமிடம்.

இரு நிலையங்களுக்கும் இடையிலுள்ள நேர்கோட்டில், சிவப்பு முள் ஒரு சுற்றுச் சுற்றினால் கப்பல் சுமார் 440 மீட்டர் நகர்ந்ததாகப் பொருள். சுற்றில் நூறில் ஒரு பங்கையும் முள் காட்டும். ஆனால் இது எத்தனையாவது சுற்று என்பதை அலை சொல்லாது! தாளம் போடுகிறவரைப் பார்த்து எத்தனையாவது அக்ஷரம் என்று அறியலாம். எத்தனையாவது ஆவர்த்தம் என்று அறிய முடியுமா? ஆகையால் துறைமுகத்தை விட்டுப் புறப்படும்போதே எண்ணைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். வழியில் அலை சற்று அறுபட்டால் கணக்குத் தவறும். முள்ளோ, தவறான சுற்றிலும் அதே நிச்சயத்துடன் நிற்கும்! சுற்றை அடையாளம் காட்டும் ஏற்பாடு யுத்தத்துக்குப் பின்னரே சேர்ந்தது.

2000-ம் வருஷத்தில் பிரிட்டனில் டெக்கா நிலையங்கள் மூடப்பட்டன. இன்று செயற்கைச் சந்திரன்களின் அலையைக் கொண்டு நிலத்தைச் சில அங்குலத்துக்குள் அளக்கிறார்கள். அவர்களும் முதலில் தீர்க்க வேண்டிய கணக்கு இதுவே: முழு அலைகள் எத்தனை? நுட்பமான பின்னம் கையிலிருந்தும், முழு எண் தவறினால் கப்பல் கண்ணிவெடியின் மேல்தான் போய் நிற்கும்.