முதுவர் பேச்சும் எழுதப்பட வேண்டும்

போடியில் ஏலக்காய் ஏலம் போகும் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு இருக்கிறது. அந்த ஏலக்காய் விளையும் மலையில் வாழும் முதுவர் பழங்குடியினரின் பேச்சுக்கு நம்மிடம் எந்தக் கணக்கும் இல்லை.

குரங்கணிக்கு மேலே முதுவாக்குடி தொடங்கி இடுக்கி மாவட்டத்து இடமலக்குடி வரை முதுவர் குடிகள் பரவியிருக்கின்றன. மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களின் வாய்மொழி வரலாறு. அவர்கள் பேச்சைத் தமிழின் கிளை என்பாரும் தனிமொழி என்பாரும் உண்டு. எழுத்து இல்லாத அந்தப் பேச்சில்தான் காட்டுக் கிழங்கும் தேனும் மழைக்குறியும் பற்றிய அறிவு தலைமுறை கடந்து வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அது பயிற்றுமொழி இல்லை. பிள்ளைகள் தமிழகப் பக்கம் தமிழிலும், கேரளப் பக்கம் மலையாளத்திலும் படிக்கிறார்கள்.

தொலைவிலுள்ள மெக்சிகோ, மிஷ்டெக் உள்ளிட்ட பழங்குடி மொழிகளை 2003இல் சட்டமியற்றித் தேசிய மொழிகளாக ஏற்றது. அப்படியும் மிஷ்டெக்கின் பல வட்டார வடிவங்கள் தேய்கின்றன. இங்கோ, 1971 முதல் 10,000 பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தனியே வெளியிடுவதே இல்லை. இந்த வரம்பு நியாயமற்றது.

தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஆவணப்படுத்த 2024-25 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது நல்ல தொடக்கம். அந்த வரிசையில் முதுவர், பளியர் பழங்குடிகளின் மொழிகளையும் சேர்க்க வேண்டும். ஒலிப்பதிவுக்கு அந்தந்தக் குடியின் இளைஞர்களையே ஊதியம் தந்து அமர்த்த வேண்டும். 2027 கணக்கெடுப்புக்கு மலையேறும் பணியாளர்கள், தாய்மொழி எதுவென்று கேட்டு, மக்கள் சொல்லும் பெயரையே எழுத வேண்டும்.