வாசல் வரை வந்த பல்கலைக்கழகம்

மலாக்காவின் அலோர் காஜா மாவட்டத்தில் இன்று உயர்கல்விக்குக் குறைவில்லை. லெண்டுவில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யூஐடிஎம்மின் வளாகம் இருக்கிறது. மஸ்ஜித் தானாவை ஒட்டிய லொண்டாங்கில் மலாக்கா மெட்ரிகுலேஷன் கல்லூரி. டுரியான் துங்கலில், 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு 2007-இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த யூடெம். தாபோ நானிங்கில் அட்டெக் உயர் தொழில்நுட்பப் பயிற்சி மையம். பால்மரக் காடுகளும் தோட்ட லயங்களும் நிறைந்திருந்த ஒரு மாவட்டத்துக்கு இது சின்ன மாற்றமல்ல.

ஆனால் ரும்பியாவிலும் புலாவ் செபாங்கிலும் தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளி முடித்து, கையில் எஸ்.பி.எம். சான்றிதழோடு நிற்கும் பிள்ளைக்கு இந்த வாசல்கள் எல்லாம் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. லெண்டு வளாகத்தின் இளநிலைப் படிப்புகள் பூமிபுத்ரா மாணவர்களுக்கானவை. லொண்டாங்கில் படிப்பது மெட்ரிகுலேஷன். அதன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, மீதி பத்தில்தான் சீனர், இந்தியர், மற்றவர் எல்லாரும். எஸ்.பி.எம்.மில் 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த எவருக்கும் இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் 2024-இல் அறிவித்தது நல்ல செய்திதான். ஆனால் இரவு வேலைக்குப் போகும் அப்பாவும், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் உள்ள ஒரு வீட்டிலிருந்து வந்து ஏழு ஏ எடுத்த பிள்ளையின் உழைப்பு எந்தப் பத்து ஏ-வுக்கும் குறைந்ததல்ல. அந்தப் பிள்ளைக்கும் இடம் கேட்டு இந்தச் சமூகம் தொடர்ந்து குரல் கொடுக்கத்தான் வேண்டும்.

குரல் கொடுக்கும் நேரத்தில், திறந்து கிடக்கும் வாசலைப் பார்க்காமல் போய்விடவும் கூடாது. யூடெம் எல்லாருக்குமான அரசுப் பல்கலைக்கழகம். பொறியியலும் கணினியும் கற்க இந்த மாவட்டத்துப் பிள்ளை மாநிலம் தாண்டிப் போக வேண்டியதில்லை. அட்டெக்கும் அப்படித்தான். ஆறாம் படிவத்தில் சேர்ந்து எஸ்.டி.பி.எம். எழுதுவதற்கு இன ஒதுக்கீடு எதுவும் கிடையாது, பெரிய செலவும் இல்லை. கஷ்டமான தேர்வு என்று பயந்து நம் வீடுகள் ஒதுக்கிவைத்த வழி அது. அந்தப் பயத்துக்குக் கொடுத்த விலை அதிகம்.

“படிச்சு என்னத்த செய்யப் போறான்?” என்ற கேள்வி தோட்டத்து வீடுகளில் இன்னும் கேட்கிறது. கேட்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கேள்வியில் நியாயமும் இருக்கிறது. வேலை பார்க்கும் பட்டதாரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தங்கள் படிப்புக்குக் குறைந்த வேலையில் இருக்கிறார்கள் என்பதை நாட்டின் புள்ளிவிவரத் துறையே காட்டுகிறது. 2019-இல் எஸ்.பி.எம். எழுதிய சுமார் 5 லட்சத்து 60 ஆயிரம் பேரில் 72 விழுக்காட்டினர் மேற்படிப்பைத் தொடரவில்லை என்று தலைமைப் புள்ளிவிவர அதிகாரி 2022-இல் சொன்னபோது நாடே திடுக்கிட்டது. இது எல்லா இனத்துக்குமான கணக்கு. பதினெட்டு வயதில் தொழிற்சாலைக்குப் போனால் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம், அதற்கு மேல் ஓவர்டைம். அதே வயதில் படிக்கப் போனால் கையில் காசில்லை, போதாக்குறைக்கு பி.டி.பி.டி.என். கடன். முதல் மூன்று நான்கு ஆண்டுகளை மட்டும் பார்த்தால் தொழிற்சாலைதான் ஜெயிக்கும்.

அதற்குப் பிந்திய முப்பது ஆண்டுகளை யார் பார்ப்பது? இயந்திரம் மாறும்போது முதலில் நிறுத்தப்படுபவர் யார், நாற்பது வயதில் வேறு வேலைக்கு மாற முடிந்தவர் யார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். இந்தச் சமூகம் அந்தப் பாடத்தை ஏற்கெனவே ஒருமுறை படித்துவிட்டது. தோட்டத்தில் வேலை போனபோது வீடும் சேர்ந்து போனது. லயம் கம்பெனிக்குச் சொந்தம், கோயில் நின்ற நிலமும் கம்பெனிக்குச் சொந்தம். இருட்டோடு எழுந்து ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாக நிரை நிரையாகப் பால்மரம் வெட்டிய மூன்று தலைமுறை, தோட்டம் கைமாறியபோதும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் வெறுங்கையோடு பட்டணத்துக்கு வந்தது. கம்பெனி திரும்பக் கேட்க முடியாதது அவர்கள் பிள்ளைகளில் சிலர் பெற்ற படிப்பு ஒன்றுதான்.

அந்தத் தலைமுறைக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் தொடங்கி ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். தோட்டத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட மிதித்தறியாதவர்களும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் தங்கள் அன்றாடக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்த வெள்ளி அது. துறை 1956-இல் தொடங்கியது. பின்னர் தனிநாயகம் அடிகளார் அதன் தலைவரானார். அவர் முயற்சியால் 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. உயர்கல்வியால் சமூகத்துக்கு என்ன லாபம் என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

இன்றைக்கும் கணக்கு அப்படித்தான். தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர் வேண்டுமென்றால் ஆசிரியர் கல்விக் கழகத்துக்கும் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கும் நம் பிள்ளைகள் போயாக வேண்டும். பிறப்புப் பத்திரச் சிக்கல், நிலச் சிக்கல், போலீஸ் சிக்கல் என்று வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல நம் தெருவிலேயே ஒரு வழக்கறிஞர் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல. ஒரு வீட்டில் ஒருவர் படித்து முடித்தால் அடுத்த பிள்ளைக்கு யாரும் வழி காட்டத் தேவையில்லை. இதை நன்றாக உணர்ந்த அரசு தமிழ்நாட்டு அரசு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு ‘முதல் பட்டதாரி’ என்று சான்றிதழே கொடுத்துக் கட்டணச் சலுகை தருகிறது. 2021-22 கணக்குப்படி அங்கே உயர்கல்விச் சேர்க்கை 47 விழுக்காடு. இந்தியா முழுமைக்கும் 28.4.

இங்கே அப்படியொரு சான்றிதழ் இல்லை. இங்கே முதல் பட்டதாரியாகப் போகிறவரின் பாதி வாழ்க்கை, அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூ.பி.யூ. இணையப் படிவம் நிரப்பும் சில நாட்களில் தீர்மானமாகிவிடுகிறது. எந்தப் படிப்பை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது, எதற்கு நேர்முகத் தேர்வு உண்டு, எந்தப் பாடத்தில் என்ன தரம் கேட்கிறார்கள் என்பதெல்லாம் வரிசை வரிசையாக மலாயில் இருக்கும். கைப்பேசித் திரையில் அதைத் தனியாகத் துழாவும் பிள்ளை, நண்பன் போட்டதையே தானும் போட்டுவிட்டு மூடிவிடுகிறது. இடம் கிடைக்காமல் போகும்போது பழி மட்டும் முழுவதுமாக ஒதுக்கீட்டின் மேல் விழுகிறது. அடுத்த வாரமே ஏதாவது ஒரு தனியார் கல்லூரியின் முகவர் வீட்டு வாசலில் நிற்பார். மலேசியத் தகுதி முகமையின் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் சேமநிதிப் பணத்தை எடுத்துக் கொடுக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் சமூகம் வந்து நிற்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்த சில தமிழ் மாணவர்களும் அவர்களுக்குத் துணையாக நின்ற டாக்டர் தம்பிராஜாவும் 1982-இல் ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி அமைப்பைத் தொடங்கியபோது அவர்களிடம் பெரிய முதல் எதுவும் இல்லை. தாங்கள் ஏறி வந்த வழியை அடுத்தவருக்குக் காட்ட வேண்டும் என்ற நினைப்பு மட்டும் இருந்தது. அலோர் காஜாவில் இன்று ஆசிரியர்களும் தாதியரும் பொறியாளர்களும் இருக்கிறார்கள். யூடெம்மிலேயே தமிழ் மாணவர்கள் படிக்கிறார்கள். எஸ்.பி.எம். முடிவு வரும் வாரத்தில் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ இரண்டு மடிக்கணினியோடு அவர்கள் உட்கார்ந்தால் போதும், வருகிற பிள்ளைகளோடு படிவத்தை வரி வரியாக நிரப்பிக் கொடுக்கலாம். ஆலய நிர்வாகத்தினர் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். பெற்றோர் சம்பளச் சீட்டோடும் அடையாள அட்டையோடும் பிள்ளையை அழைத்துக்கொண்டு வர வேண்டும். வருகிற முடிவுக்கே இதைத் தொடங்கிவிடுங்கள்.