மாத்திரையை நிறுத்தியவரிடம் கேட்க வேண்டியது

மதிப்பிற்குரிய காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

மனநல சிகிச்சைக்கு வருகிறவர்களைப் பற்றி எங்கும் சொல்லப்படும் குறை ஒன்று உண்டு: "பாதியிலேயே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், பொறுப்பே இல்லை." அந்தக் குறையைப் பற்றித்தான் ஏனாத்தூரிலிருந்து இந்த மடலை எழுதுகிறேன்.

என் தம்பி பட்டு நெசவாளி. பிள்ளையார்பாளையத்தில் கூலித் தறிக்குப் போகிறான். மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறான். அவனைப் பற்றி என்னென்ன எழுதலாம் என்று அவனிடமே கேட்டேன். "மாத்திரையையும் கையையும் பத்தி எழுதுக்கா, மத்தது வேணாம்" என்றான். அதற்கு மேல் எழுதப் போவதில்லை.

ரிஸ்பெரிடோன் மாத்திரை தொடங்கியதும் காதில் கேட்ட குரல்கள் அடங்கின, தூக்கம் வந்தது. கூடவே கை நடுங்க ஆரம்பித்தது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் சேருமிடத்தில் ஓர் இழை பிசகினாலும் கண்ணில் குத்தும். அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட அவன் விரல்கள் நிற்கவில்லை. சேலையில் குறை என்று கூலியைப் பிடித்தார்கள். மாத்திரையை நிறுத்தினான். நடுக்கம் போனது, குரல்கள் திரும்பின.

மறுபடி மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, கேள்வியெல்லாம் அம்மாவிடம் போனது. "தூங்குறானா? சாப்பிடுறானா? மாத்திரை ஒழுங்கா போடுறானா?" இல்லை என்றதும் அவனுக்குத் திட்டு விழுந்தது. பிறகு வேறொரு மருத்துவர்தான், "ஏம்ப்பா நிறுத்தினே?" என்று அவனைப் பார்த்துக் கேட்டார். அவன் கையை நீட்டிக் காட்டினான். அளவைக் குறைத்து, நடுக்கத்துக்குத் தனியாக ஒரு மாத்திரை சேர்த்தார். இப்போது தறியில் உட்காருகிறான்.

ஐயா, அந்தக் கேள்வியைக் கேட்டது அந்த மருத்துவரின் நல்ல குணம் மட்டுமல்ல. சிகிச்சையைப் பற்றி நோயாளியிடமே பேசுவதை மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 அவருடைய உரிமையாகவே வைத்திருக்கிறது. தனக்கு என்ன நோய், என்ன சிகிச்சை, மருந்தின் பக்கவிளைவு என்ன என்பதைத் தனக்குப் புரியும் மொழியில் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு என்கிறது 22ஆம் பிரிவு. தன் சார்பில் பேச நம்பிக்கையான ஒருவரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைத்து அவரே நியமிக்கலாம். நோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 95ஆம் பிரிவு தடை விதிக்கிறது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்த வரியின் விலை தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

பொறுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்தை நிறுத்தினால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். குடித்தால் அதையும் சொல்ல வேண்டும். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும்தான். வரச் சொன்ன தேதியில் போக வேண்டும், செவிலியரிடமும் மருந்தாளுநரிடமும் மரியாதையாக நடக்க வேண்டும். வீட்டாருக்கும் பொறுப்பு இருக்கிறது. தயிர்ச் சோற்றில் மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும்; வேறு வழி தெரியாமல், அழுதுகொண்டே செய்கிறார்கள். ஆனால் ஒருநாள் அது தெரிந்துவிட்டால் மாத்திரையோடு போகாது. அம்மா போடும் சோற்றையே அந்தப் பிள்ளை சந்தேகப்படுவான். தெரியாமல் கொடுப்பதைவிட, ஏன் வேண்டாம் என்கிறான் என்று கேட்பதுதான் சரி. அதற்கு வீட்டாருக்குச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும்.

பொறுப்பைச் சுமக்கச் சொல்வதற்கு முன்பு வழியைச் சுருக்கித் தாருங்கள் என்பதே என் கோரிக்கை. 2019இல் மாவட்டம் பிரிந்தபோது அரசு மருத்துவக் கல்லூரி செங்கல்பட்டோடு போனது. உத்திரமேரூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நள்ளிரவில் ஒருவருக்கு நோய் முற்றினால், உள்நோயாளியாகச் சேர்க்கச் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைதான் சனங்களின் நினைவுக்கு வருகிறது. சிகிச்சைக்காக யாரையும் நெடுந்தூரம் அலையவிடக் கூடாது என்று அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகும் நாள், கூலிக்காரருக்குக் கூலி போகும் நாள். கூட ஒருவர் போனால் இரண்டு கூலி.

எங்கள் அம்மாவின் சர்க்கரை மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தால் வயதானவர்கள் அலைவது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். நிலையாக ஒரே அளவில் மருந்து சாப்பிடுகிற மனநோயாளிக்கும் அதே திட்டத்திலேயே மாத்திரை வர ஏற்பாடு செய்யுங்கள். ஆனால் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. அவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளட்டும். எது வேண்டும் என்பதை நோயாளியிடம் கேளுங்கள். மாத்திரை கொண்டுவரும் பெண்களுக்கு, எந்த வீட்டுக்கு எது போகிறது என்பதை வெளியே சொல்லக்கூடாது என்றும் பயிற்சி கொடுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். மனநலச் சிகிச்சை தரும் ஒவ்வொரு நிலையமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பது 72ஆம் பிரிவு. உள்நோயாளியாகச் சேர்த்ததை எதிர்த்து அந்த வாரியத்திடம் முறையிட விரும்பும் நோயாளிக்குப் படிவமும் இலவசத் தொலைபேசியும் தர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. விதியைச் சுவரில் எழுதுவது நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூரில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், பராந்தக சோழன் காலத்தில், யார் ஊர்ச் சபையின் வாரியத்துக்கு வரலாம், யார் வரக்கூடாது என்பதைச் சபை மண்டபச் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை என்பதும் அந்தச் சுவரில் இருக்கிறது. அந்த ஊரை உடைய மாவட்டத்தில், ஒரு நோயாளி யாரிடம் முறையிடுவது என்பதைச் சுவரில் எழுதி வைப்பது கடினமாக இருக்க முடியாது.

மாவட்டத்திலுள்ள எல்லா அரசு, தனியார் மனநலப் பிரிவுகளிலும் காப்பகங்களிலும் இந்த உரிமைகளைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதிய பலகையை வைக்க உத்தரவிடுங்கள். நோயாளியின் பொறுப்புகளையும் அதே பலகையில் எழுதலாம், எங்களுக்கு மறுப்பில்லை. வாரியத்தின் முகவரியும், இரவு பகல் எந்நேரமும் அழைக்கக்கூடிய 14416 என்ற மனநல உதவி எண்ணும் அதில் கட்டாயம் இருக்கட்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தாங்கள் கையெழுத்திட்ட ஓர் உத்தரவு போதும்.

இப்படிக்கு,
ஏனாத்தூரிலிருந்து ஒரு நோயாளியின் அக்கா