சாப்பிடாத நாளுக்கும் ஊசி உண்டு

"வாயில ஒண்ணும் இறங்கல, அப்புறம் எதுக்கு ஊசி?" காஞ்சிபுரம் ஓரிக்கையில் தறி போடும் வீடானாலும் சரி, பஸ் பணிமனைக்கு வேலைக்குப் போகும் வீடானாலும் சரி, இன்சுலின் போடுபவர் காய்ச்சலில் படுத்ததும் இந்தக் கேள்வி எழும். கேட்பவர் அக்கறையோடுதான் கேட்கிறார். அந்த அக்கறை ஆளைக் கொன்றுவிடக்கூடும்.

இது எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல. ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புகிறார்கள். நல்ல அறிவுரை. லோ சுகரில் ஒருவர் வியர்த்துக்கொட்டி மயங்கி விழுந்ததைப் பார்த்த குடும்பம் அதை மறக்காது. ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் பேச்சு புரண்டுவிடுகிறது: சாப்பிடாவிட்டால் ஊசி வேண்டாம். முன்னதை ஒப்புக்கொண்டால் பின்னதையும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சர்க்கரை சோற்றிலிருந்து மட்டுமா வருகிறது? பட்டினி கிடந்தாலும் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். காய்ச்சலோ காலில் சீழ்ப்புண்ணோ வந்தால் இன்னும் கூடுதலாக விடும். அதை அடக்குவது இன்சுலின். அது இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பைக் கரைக்கும். அதிலிருந்து உண்டாகும் கீட்டோன் ரத்தத்தை அமிலமாக்கும். இதுதான் கீட்டோஅசிடோசிஸ். அடங்காத தாகம், வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு கீழ்மூச்சு, மூச்சில் அழுகிய பழ வாடை. வயிற்றுவலிதானே என்று ஓமத் தண்ணீரிலும் கேஸ் மாத்திரையிலும் ஓர் இரவு கழிந்துவிடும். வாந்தி வருவதால் சாப்பாடு இல்லை, சாப்பாடு இல்லாததால் ஊசி இல்லை, ஊசி இல்லாததால் மறுபடி வாந்தி. தறியில் உட்கார்ந்தால்தான் கூலி என்கிற வீட்டில் ஆஸ்பத்திரிப் பயணம் இன்னும் ஒரு நாள் தள்ளிப்போகும்.

பட்டினியே மருந்து என்று மருத்துவர்களும் ஒரு காலத்தில் நம்பினார்கள். இன்சுலின் வருமுன் அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் வகுத்த வைத்தியம் அதுதான். பிள்ளைகள் எலும்பும் தோலுமாகிக் கொஞ்ச காலம் கூடுதலாக இருந்தார்கள்; கடைசியில் பலரைக் கீட்டோன் மயக்கமே கொண்டுபோனது. 1922 ஜனவரியில் டொராண்டோ மருத்துவமனையில் கிடந்த 14 வயது லியனார்ட் தாம்சனும் அந்த நிலையில்தான் இருந்தான்; எடை 30 கிலோகூட இல்லை. 11ஆம் தேதி போட்ட முதல் ஊசி சரியாகச் சுத்திகரிக்கப்படாதது, பெரிய பலனில்லை. ஜேம்ஸ் காலிப் சுத்திகரித்துக் கொடுத்த மருந்து 23ஆம் தேதி ஏறியது. சிறுநீரில் கீட்டோன் மறைந்தது. சோற்றைக் குறைத்து முடியாததை ஊசி முடித்துக் காட்டி நூறு வருடம் தாண்டிவிட்டது; நாம் இன்னும் ஆலன் காலத்தில் இருக்கிறோம்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'ஃப்ளோசின்' என முடியும் மாத்திரைகள். முன்னதன் முதல் காப்புரிமை இந்தியாவில் 2020இலும் பின்னதன் காப்புரிமை 2025இலும் முடிய, விலை சரிந்து பலர் கைக்கு வந்துவிட்டன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை, எனக்கு அவற்றோடு பகையில்லை. சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடுவது அவற்றின் வேலை. அதனாலேயே கீட்டோன் ஏறியிருக்கும்போதும் மீட்டர் 200க்குக் கீழே காட்டக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015 மே மாதமே எச்சரித்த விஷயம் இது. வாந்தி எடுக்கும் நாளில், சாப்பாடு இறங்காத நாளில் நிறுத்த வேண்டியது இந்த மாத்திரையை. நம் வீடுகளிலோ ஊசி நிற்கிறது, மாத்திரை மட்டும் தவறாமல் உள்ளே போகிறது. ஏகாதசியும் புரட்டாசிச் சனியும் விடாமல் இருக்கும் காஞ்சிபுரத்தில் இதை உரக்கவே சொல்ல வேண்டும். விரதத்தை விடச் சொல்லவில்லை; மாத்திரையை என்ன செய்வதென்று முன்னதாகவே மருத்துவரைக் கேளுங்கள்.

சாப்பாடு இறங்காத நாளில் சாப்பாட்டு நேர ஊசியின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். எவ்வளவு என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைப்பது நல்லது. இரவில் போடும் நீண்ட நேர ஊசியை நாமாக நிறுத்தவே கூடாது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் வீடு தேடி மாத்திரை கொண்டுவருகிறது. வருகிறவரிடம் 'காய்ச்சல் வந்தா ஊசிய என்ன பண்றது?' என்று கேட்கலாம். சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டையும் ஒரு டப்பா வீட்டில் இருக்கட்டும்.

வாந்தி நிற்கவில்லையென்றாலோ மூச்சு வாங்கினாலோ 108ஐக் கூப்பிடுங்கள். சலைனும் இன்சுலினும் பொட்டாசியமும் அளந்து ஏற்றுவது வீட்டில் ஆகிற காரியமல்ல. அவசரப் பிரிவில் வயிற்றுவலிக் கதையை அப்புறம் சொல்லலாம். சர்க்கரைக்காரர் என்பதையும், கடைசி ஊசி எப்போது போட்டது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் முதலில் சொல்லுங்கள்.