செட்டில்மெண்ட் பணம் எத்தனை மாதங்களுக்கு?



நம் சமுதாயத்தில் வேலையிழப்பு பெரும்பாலும் ஒரு தொகையையும் கையில் கொடுத்துவிட்டே வருகிறது. துபாயிலிருந்தோ ரியாதிலிருந்தோ ஆட்குறைப்பில் ஊர் திரும்பும் சகோதரர் பணிக்கொடையுடன் வருகிறார். அதை நாம் 'செட்டில்மெண்ட்' என்கிறோம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல், காலணித் தொழிற்சாலைகளில் ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளிக்கும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகச் சட்டப்படி உண்டு. மாதச் சம்பளம் நின்றுபோன அதே வேளையில், வாழ்நாளில் ஒருசேரக் கண்டிராத பெருந்தொகை கைக்கு வருகிறது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் பணம் வங்கிக் கணக்கில் ஏறுமுன்பே செலவுகள் வரிசையில் நிற்கின்றன. பாதியில் நிற்கும் மாடியைக் கட்டிவிடலாம் என்கிறார் ஒருவர். மகளின் நிக்காஹை இந்த ஷவ்வாலிலேயே முடித்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். பஜாரில் ஒரு கடை வாடகைக்கு வருகிறது என்று மைத்துனர் சொல்கிறார். இவர்களில் எவரும் தீய எண்ணத்தில் பேசவில்லை. ஆனால், அடுத்த சம்பளம் எப்போது வரும் என்று தெரியாத ஒரு வீட்டில் முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி 'இதை வைத்து என்ன செய்யலாம்?' என்பதா? 'இது எத்தனை மாதங்களுக்குப் போதும்?' என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி, முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் அடிப்படைச் சம்பளமும் பணிக்கொடையாகக் கணக்கிடப்படுகின்றன. சவூதியில் முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம்.

அமீரகத்தில் 1,500 திர்ஹம் அடிப்படைச் சம்பளத்தில் பத்தாண்டுகள் வேலை செய்தவருக்கு முதல் ஐந்தாண்டுக்கு 5,250 திர்ஹம், அடுத்த ஐந்தாண்டுக்கு 7,500 திர்ஹம், ஆக 12,750 திர்ஹம் கிடைக்கும். நம் பணத்தில் ஏறத்தாழ மூன்று இலட்சம் ரூபாய். ஊரில் குடும்பச் செலவு மாதம் 25,000 ரூபாய் என்றால், இது சரியாகப் பன்னிரண்டு மாதங்களுக்குப் போதுமான பணம். பத்தாண்டு உழைப்பின் மிச்சம் ஓராண்டுச் சோறு. மாடி கட்டுவதற்கு ஒரு இலட்சத்தை எடுத்தால் நான்கு மாதங்கள் போய்விடும். மாதக்கணக்கில் பார்க்கும்போதுதான் ஒவ்வொரு செலவின் உண்மையான விலையும் நமக்குத் தெரிகிறது.

இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்க வேண்டியவை இருக்கலாம். அமீரகத்தில் 2023 முதல் கட்டாயமாக்கப்பட்ட வேலையிழப்புக் காப்பீட்டில் குறைந்தது 12 மாதங்கள் தொடர்ந்து சந்தா கட்டியவருக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 60 விழுக்காடு வரை மூன்று மாதங்களுக்குக் கிடைக்கக்கூடும். ஆனால், வேலை போன 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் அந்த உதவி நின்றுவிடும். மனம் உடைந்து அடுத்த விமானத்திலேயே ஊருக்குக் கிளம்பும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பணம் கைக்கு வராமல், வந்ததாகக் கையொப்பம் இடவும் கூடாது.

சேமிப்பு தவக்குலுக்கு எதிரானதா?

'ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். ஏன் இப்படி எண்ணி எண்ணிப் பார்க்க வேண்டும்?' என்று கேட்போர் உண்டு. அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைப்பதில் நபி (ஸல்) அவர்களை மிஞ்சியவர் எவருமில்லை. அவர்களே தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றிலும் செழிப்பான ஏழாண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு காத்து, பஞ்சத்தின் ஏழாண்டுகளை எதிர்கொண்ட செய்தி இருக்கிறது. அங்கும் தானியம் முழுவதும் உண்பதற்கு விடப்படவில்லை. சிறு பகுதி காத்து வைக்கப்பட்டது. பஞ்சம் வரும் என்று அறிந்த பிறகு அளந்து உண்பது ஈமானின் குறைவு ஆகாது.

தௌபா ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் தம் செல்வம் முழுவதையும் தர்மம் செய்ய முன்வந்த கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களிடம், ஒரு பகுதியைத் தமக்கென வைத்துக்கொள்வதே நல்லது என்று நபியவர்கள் கூறினார்கள். தர்மத்துக்கே இந்த அளவென்றால், ஊர் மெச்சுவதற்காகச் செய்யும் செலவுக்கு என்ன அளவு வைப்பது?

கடன்: கடினமான இடம்

கையில் பணம் இருக்கும்போது கடனை அடைப்பதே மார்க்கக் கடமை என்பதில் ஐயமில்லை. வசதியுள்ளவர் கடனைத் தள்ளிப்போடுவது அநீதி என்பது நபிமொழி. ஆயினும் நம் வீடுகளில் நடப்பது என்ன? உறவினர் தந்த வட்டியில்லாக் கைமாற்றையெல்லாம் மானத்துக்காக ஒரே நாளில் அடைத்துவிடுகிறோம். மூன்றாம் மாதம் பள்ளிக் கட்டணத்துக்காக மனைவியின் நகையை வட்டிக்கு அடகு வைக்கிறோம். ஒரு கடனிலிருந்து தப்பி ஹராமான இன்னொரு கடனில் விழுவது தீர்வாகாது.

எனவே வரிசை முக்கியம். வட்டி ஓடிக்கொண்டிருக்கும் கடன் முதலில் முழுவதுமாகத் தீர்க்கப்பட வேண்டும். அது ஒவ்வொரு நாளும் பாவத்தையும் பணத்தையும் சேர்த்தே வளர்கிறது. அடுத்து, கடன் தந்தவர்களுள் இப்போது தாமே நெருக்கடியில் இருப்பவருடைய பணம். மற்றவர்களிடம் நேரில் சென்று நிலைமையைச் சொல்லி, ஒரு பகுதியைக் கொடுத்து, மீதிக்குத் தவணை கேட்கலாம். சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் அளிக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது; தவணையுடன் கூடிய கடனை எழுதி வைக்குமாறு 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. கடன் தந்தவர் ஒப்பவில்லை என்றால், அவருடைய உரிமையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்த அவகாசத்தைக் கேட்பவருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கடன்காரரிடம் 'சிரமம்' என்று சொல்லிவிட்டு வீட்டில் மார்பிள் தரை போடுவதற்கு மார்க்கத்தில் இடமில்லை. தவணை கேட்டவரின் வீட்டுச் செலவு, தவணை கேட்டவரின் வீட்டுச் செலவாகவே இருக்க வேண்டும்.

கடையும் முதலீடும்

வியாபாரம் பரக்கத்தான தொழில்தான். ஆனால், பதினைந்தாண்டுகள் கிடங்கில் கணக்கெழுதியவர் திடீரென மளிகைக் கடை முதலாளியாகும்போது, கடைக்கு முன்பணமும் சரக்கும் சேர்ந்து குடும்பத்தின் பன்னிரண்டு மாதங்களையும் முதல் நாளிலேயே விழுங்கிவிடுகின்றன. அகலக்கால் வைக்குமுன், அதே தொழிலில் இருக்கும் ஒருவரிடம் சில மாதங்கள் வேலை பார்க்கலாம். கூட்டு வியாபாரமானால், சொந்தச் சகோதரரோடு என்றாலும், இலாப நட்டப் பங்கை எழுத்தில் வைக்க வேண்டும். குறைந்தது ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியே ஒதுக்காமல் எந்த முதலீட்டிலும் இறங்க வேண்டாம் என்பது நம் வேண்டுகோள்.

'ஹலால் இலாபம், மாதந்தோறும் நிச்சயம்' என்று சொல்லி வருவோரிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. இலாபம் நிச்சயம் என்று முன்கூட்டியே சொல்லப்படும்போதே அது மார்க்கம் சொல்லும் கூட்டு வியாபாரத்தின் இலக்கணத்திலிருந்து விலகிவிடுகிறது. 2019இல் பெங்களூருவில் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது, ஹலால் முதலீடு என்று நம்பிப் பணம் போட்ட முஸ்லிம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தன. நிறுவனத்தாரின் தாடியும் தொப்பியும் கணக்குப் புத்தகத்துக்கு ஈடாகா.

ஜகாத்தும் வீட்டாரும்

பணிக்கொடை கைக்கு வந்து, நிஸாப் அளவுக்குக் குறையாமல் ஒரு சந்திர ஆண்டு நம்மிடம் நின்றால் இரண்டரை விழுக்காடு ஜகாத் உண்டு. நிஸாப் என்பது 85 கிராம் தங்கம் அல்லது 595 கிராம் வெள்ளியின் மதிப்பு. ஏற்கெனவே ஜகாத் கொடுத்துவருபவர், கடன் உள்ளவர் ஆகியோருக்குக் கணக்கு மாறலாம். ஊரின் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பணம் தீர்ந்து கடனில் தவிக்கும் நிலை வந்தால், ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரில் கடனாளிகளும் இருக்கிறார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதைப் பெறுவதில் இழிவில்லை.

தொகை எவ்வளவு என்பதை மனைவியிடம் மறைக்கும் வழக்கம் நம்மில் பலரிடம் இருக்கிறது. அடுப்படிச் செலவை நடத்துபவர் அவர். எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்க முடியாது என்பதை அறிந்தவரும் அவரே. இருவரும் அமர்ந்து, மாதச் செலவை எழுதி, அந்த அளவை மட்டும் சம்பளம்போல் மாதந்தோறும் எடுங்கள். மஹராக வந்த நகை மனைவியின் சொத்து. அவர் மனமுவந்து தந்தாலன்றி அது இந்தக் கணக்கில் சேராது. வளர்ந்த பிள்ளைகளுக்கும் நிலைமையைச் சொல்லலாம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கணக்கை மீண்டும் பாருங்கள். இடையில் பழைய சம்பளத்தில் பாதிக்கு ஒரு வேலை கிடைத்தாலும் ஏற்றுக்கொள்வது நல்லது. ஆறு மாதங்களைப் பன்னிரண்டாக்கும் வேலை அது. தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள்.

இறுதியாக, ஊராரிடமும் ஜமாஅத்தாரிடமும் ஒரு வார்த்தை. சபரிலிருந்து திரும்பியவரிடம் 'எப்போது திரும்பப் போகிறீர்கள்?' என்று ஜும்ஆவுக்குப் பின் கேட்பதை நிறுத்துவோம். கையில் பணம் இருக்கும் என்று கைமாற்று கேட்டுப் போவதை நிறுத்துவோம். எளிய நிக்காஹை ஏளனமாகப் பேசாதிருப்போம். பைத்துல்மால் உள்ள ஊர்களில், வேலையிழந்த குடும்பங்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க ஒரு பகுதியை ஒதுக்கலாம். அவர் தம் பணத்தை நிதானமாகச் செலவிட வேண்டுமென்றால், நாம் அவரை அவசரப்படுத்தாமல் இருக்க வேண்டும்.

வேலையிழந்து நிற்கும் நம் சகோதர சகோதரிகளுக்கு அல்லாஹ் ஹலாலான வாழ்வாதாரத்தை விரைவில் வழங்கி, கையிலிருப்பதில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.