நோயாளியுடன் செல்லவேண்டிய சீட்டு

இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களின் தேயிலைத் தோட்டங்களிலும், பாலக்காட்டைச் சேர்ந்த கொழிஞ்சாம்பாறை முதலிய எல்லைப்புற ஊர்களிலும் தமிழ் மக்கள் பலர் வாழ்கின்றனர். இவர்களில் ஒருவருக்குப் புற்றுநோய் கண்டால், சிகிச்சைக்குக் கோட்டயம், திருவனந்தபுரம் ஆகிய நகரங்களையோ, எல்லை கடந்து மதுரை, கோயமுத்தூரையோ நாடவேண்டியிருக்கிறது. இத்தகைய பயணத்தில் போதிய கவனம் பெறாத அபாயம் ஒன்றுண்டு.

மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரத்திற்குப் பின்னர்த் தோன்றும் நிமோனியா, அங்கே தொற்றியதாகக் கருதப்படும். கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் முதலிய பாக்டீரியாக்கள் இதற்குப் பெரிதும் காரணமாகின்றன. கழுவாத கைகளும் தூய்மையற்ற சுவாசக் கருவிகளும் இவற்றைப் பரப்புகின்றன. இவற்றுள் பல, வழக்கமான ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குக் கட்டுப்படுவதில்லை.

கீமோதெரபி பெற்றவர் பலருக்கு ஏறக்குறைய 7 முதல் 14 நாட்களில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் மிகவும் குறைகின்றன. கிருமியை எதிர்க்கும் அணுக்கள் குன்றியமையால் சளி மிகுதியாக வராது; எக்ஸ்ரே படத்திலும் தொடக்கத்தில் நிழல் விழாமற் போகலாம். காய்ச்சல் ஒன்றே அறிகுறியாக நிற்கும்.

அந்நாட்களில் நோயாளி பெரும்பாலும் வீடு திரும்பியிருப்பார். மருத்துவமனைக் கிருமி அவருடைய தொண்டையிலோ குடலிலோ தங்கியிருக்கக்கூடும். அப்போது வரும் காய்ச்சலைச் சாதாரணமெனக் கருதி, கடை மாத்திரையுடன் இரண்டு நாள் பொறுப்பது உயிருக்கே கேடாகும். அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரைந்தாலும், முன்னர்க் கண்ட கிருமி எது, அதற்குப் பயன்பட்ட மருந்து எது என்பன தெரியாவிடில், மருத்துவர் தக்க மருந்தைத் தேர்வது கடினமாகும்.

மருந்தை மீறும் கிருமிகளைத் தடுக்க இந்திய அரசு 2017-இல் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. 2018-இல் கேரளம், மாநிலங்களுள் முதலாவதாகத் தனக்கென ஒரு திட்டம் வகுத்தது. இவை போற்றத்தக்கன. ஆயினும் வாளையாற்றையும் குமுளியையும் கிருமி எல்லையாகக் கொள்வதில்லை. நோயாளியுடன் அது எல்லை கடக்குமானால், அதைப் பற்றிய குறிப்பும் உடன் செல்லவேண்டும்.

ஆகவே, வீடு திரும்பும் ஒவ்வொரு புற்றுநோயாளிக்கும் ஒற்றைச் சீட்டு ஒன்று தரப்படுதல் வேண்டும். கீமோதெரபி பெற்ற தேதி, கிருமிச் சோதனையின் முடிவு, கொடுத்த ஆன்டிபயாட்டிக், அவசரத் தொலைபேசி எண் ஆகியவை அதில் இருந்தால் போதும். வீட்டாருக்கான எச்சரிக்கை தமிழிலும் மலையாளத்திலும் அமைதல் நன்று. இது மருத்துவர்க்கு மேலும் ஒரு சுமை என்பர் சிலர். நோயாளியின் கோப்பில் ஏற்கெனவே உள்ள சில வரிகளைப் பெயர்த்தெழுதுவது பெருஞ்சுமையன்று.

களப்பணியாளர் வீடு செல்லும்போது அச்சீட்டைக் கேட்டுப் பார்க்கலாம்; இல்லையெனில், மருத்துவமனையில் கேட்டுப் பெறுமாறு வீட்டாரைத் தூண்டலாம். ஆசிரியர், பெற்றோர் கூட்டங்களில் இரண்டு செய்திகளை விளக்கலாம்: நோயாளியைத் தொடுமுன் சோப்பினால் கை கழுவுக, வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் விடியும்வரை காத்திராமல் சீட்டுடன் மருத்துவமனை செல்க. மலைப்பாதையில் வாகனம் கிடைப்பதற்கே நேரமாகும் ஊர்களில், இவ்வறிவு முன்கூட்டியே வீட்டில் இருத்தல் இன்றியமையாதது.